டர்போ வாகனங்களில் உள்ளெடுப்பு மாற்றங்களும் கிராங்க் அறைக் காற்றோட்டமும்: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

பொறியொன்றின் ஓர் உறுப்பை மாற்றியமைக்க முனைவோர், அவ்வுறுப்பு ஆற்றும் தொழில் ஒன்றே எனக் கருதிக்கொள்வது வழக்கம். ஆயின், பொறியமைப்பிலே பெயருக்கு ஒரு தொழிலும் நடைமுறையில் இரு தொழில்களும் உடைய உறுப்புகள் பல உள. டர்போ பூட்டிய மோட்டார் வாகனத்தின் வளி உள்ளெடுப்புக் குழாய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இயந்திரத்துக்குத் தூய வளியைக் கொண்டுசேர்ப்பது அதன் வெளிப்படையான தொழில். இயந்திரத்தின் அடிப்பகுதியில் திரளும் கசிவு வாயுவை உறிஞ்சி அகற்றுவது அதன் மறைவான தொழில். முதலாவது தொழிலை மேம்படுத்தும் நோக்குடன் செய்யப்படும் மாற்றங்கள் இரண்டாவது தொழிலை எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும், அப்பாதிப்பின் சுமை கண்டி போன்றதொரு மலைநகரில் யார்மீது இறங்குகின்றது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறிய இயந்திரமும் டர்போவும்

டர்போ என்பது புதிய கண்டுபிடிப்பன்று. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பூக்கி 1905 ஆம் ஆண்டிலேயே அதற்கான உரிமப் பத்திரத்தைப் பெற்றார். வீணே வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டு ஒரு சில்லைச் சுழற்றி, அதே தண்டிற் பூட்டிய மற்றொரு சில்லினால் வளியை அமுக்கி இயந்திரத்துட் செலுத்துவதே அதன் அடிப்படை. நெடுங்காலமாகக் கப்பல்களிலும் லொறிகளிலும் பயன்பட்டுவந்த இக்கருவி, 1962 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இரு மாதிரிகளின் மூலம் பெற்றோல் கார்களுக்குள் நுழைந்தது. எனினும், அது சாதாரண குடும்பங்களின் கார்களுக்குப் பரவலாக வந்தது அண்மைக் காலத்திலேயே.

இலங்கையில் இப்பரவலுக்குப் பொருளாதாரக் காரணமொன்று உண்டு. இங்கு இறக்குமதி வாகனங்களின் வரி இயந்திரக் கொள்ளளவோடு பிணைக்கப்பட்டுள்ளது. எனவே, 1000 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட சிறிய இயந்திரமும், அதன் குறையை ஈடுசெய்யும் டர்போவும் கொண்ட யப்பானிய வாகனங்கள் விரும்பி வாங்கப்பட்டன. 658 கன சென்ரிமீற்றர் கொண்ட சுசுக்கி இயந்திரம், 988 கன சென்ரிமீற்றர் கொண்ட ஹொண்டா இயந்திரம், 996 கன சென்ரிமீற்றர் கொண்ட டொயோட்டா இயந்திரம் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்துவிடப்பட்டது 2025 பெப்ரவரியிலேயே. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், அதிலும் 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது, இருந்த வாகனத்தை எவ்வாறேனும் ஓட வைப்பது ஒரு வாழ்க்கைத் தேவையாயிற்று. உதிரிப்பாகம் கிடையாதவிடத்து மாற்றுப்பாகம் பூட்டப்பட்டது. அசல் எயார் கிளீனர் பெட்டி உடைந்தவிடத்துத் திறந்த கூம்பு வடிகட்டியொன்று வந்து அமர்ந்தது. ஆகவே, உள்ளெடுப்பு மாற்றம் என்பது வேகத்தையும் ஓசையையும் விரும்பும் இளைஞரின் பொழுதுபோக்கு மட்டுமன்று. பற்றாக்குறையின் விளைவாகவும் அது நிகழ்ந்தது என்பதை மனங்கொள்ள வேண்டும்.

கசிவு வாயு

பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை வளையங்கள் மூடுகின்றன. இம்மூடுகை ஒருபோதும் முழுமையானதன்று. தகனத்தின்போது எழும் உயர் அமுக்கத்தில் வாயுவின் ஒரு சிறு பங்கு வளையங்களைத் தாண்டிக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறைக்குட் புகுகின்றது. நல்ல நிலையிலுள்ள இயந்திரத்திலும் உட்செல்லும் வளியில் ஏறக்குறைய ஒரு வீதம் இவ்வாறு கசிவதாகக் கொள்ளலாம். எரியாத எரிபொருள், எரிந்த வாயு, நீராவி ஆகியன அதில் அடங்கும். கிராங்க் அறையில் தெறித்துப் பறக்கும் உராய்வுநீக்கி எண்ணெயின் நுண்துளிகளும் அதனோடு கலந்துகொள்ளும். ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவி வடிவில் உண்டாகின்றது என்பதை நினைவிற்கொண்டால், கசிவு வாயுவிலுள்ள ஈரப்பதன் அற்பமானதன்று என்பது புலனாகும்.

இவ்வாயு வெளியேறாது தங்கினால் இரு தீங்குகள் விளையும். முதலாவது, நீரும் அமிலப் பொருள்களும் எண்ணெயிற் கலந்து அதனைச் சேறாக்கும். இரண்டாவது, அறையின் அமுக்கம் உயர்ந்து, உள்ளிருக்கும் எண்ணெயை ஒயில் சீல்கள் வழியாகவும் கேஸ்கட்டுகள் வழியாகவும் வெளியே தள்ளும்.

முற்காலத்தில் இதற்கு எளிய பரிகாரமொன்று கையாளப்பட்டது. கிராங்க் அறையிலிருந்து ஒரு குழாயை வாகனத்தின் அடியில் தொங்கவிட்டு, வாயுவை வீதியிலேயே கலக்கவிட்டனர். 1950களில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகைமூட்டத்தை ஆராய்ந்த காலத்திலேதான் இதன் கேடு தெளிவாயிற்று. கட்டுப்பாடற்ற ஒரு காரிலிருந்து வெளிப்படும் ஐதரோகாபன்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இக்குழாய் வழியாகவே வெளிவந்தது. 1961 இல் கலிபோர்ணியா மாநிலம், 1963 ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல் இவ்வாயுவை மீண்டும் இயந்திரத்துக்கே அனுப்பி எரித்துவிட வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. மோட்டார் வாகன மாசுக் கட்டுப்பாட்டின் முதற்படி வால்குழாயிலன்றிக் கிராங்க் அறையிலேயே எடுத்துவைக்கப்பட்டது என்பது கவனத்துக்குரியது.

டர்போ வாகனத்தின் இரு வழிகள்

டர்போ அற்ற பெற்றோல் இயந்திரத்தில் இக்காற்றோட்டம் எளிமையானது. துரொட்டில் வால்வுக்கு அப்பாலுள்ள உள்ளெடுப்புக் கிளைக்குழாயில் எப்போதும் ஓரளவு வெற்றிடம் நிலவும். அவ்வெற்றிடம் பி.சி.வி. வால்வு எனப்படும் ஒருவழி வால்வினூடாகக் கசிவு வாயுவை இழுத்துக்கொள்ளும். எயார் கிளீனருக்குப் பின்னுள்ள மற்றொரு குழாய் வழியே தூய வளி கிராங்க் அறைக்குள் வந்து சேரும். இக்குழாயையே கராஜ்களில் ‘பிறீதர்’ என்பர்.

டர்போ பூட்டியதும் நிலைமை மாறுகின்றது. இயந்திரம் சுமையின்றி ஓடுகையில் மேற்கூறிய ஒழுங்கே நடைபெறும். ஆனால் ஏற்றத்தில் அல்லது விரைவில் டர்போ தன் வேலையைத் தொடங்கியதும், கிளைக்குழாயில் வெற்றிடத்துக்குப் பதிலாக வெளிவளியினும் உயர்ந்த அமுக்கம் உண்டாகும். பி.சி.வி. வால்வு உடனே மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிடின் அமுக்கப்பட்ட வளி நேரே கிராங்க் அறையுட் பாயும். கசிவு வாயு மிகுதியாக உண்டாவதும் இத்தருணத்திலேயே. அதற்கு எஞ்சியுள்ள வழி பிறீதர் ஒன்றே. சற்று முன்னர் தூய வளி உள்ளே வந்த அதே குழாயில் இப்போது கசிவு வாயு எதிர்த்திசையில் வெளியேறி, எயார் கிளீனருக்கும் டர்போவுக்கும் இடைப்பட்ட குழாயைச் சென்றடையும்.

அங்கு அதனை இழுப்பது எது? எயார் கிளீனரைக் கடக்கும்போது வளி இழக்கும் அமுக்கமும், குழாயில் அது விரைந்து ஓடுவதால் ஏற்படும் அமுக்கத் தாழ்வும் சேர்ந்து அவ்விடத்தில் ஒரு சிறிய உறிஞ்சலை உண்டாக்குகின்றன. இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடினும், முழுச் சுமையில் அது ஓரிரு கிலோபஸ்கால் என்ற வரிசையிலேயே அமையும். சுற்றுப்புற வளியமுக்கத்தில் நூற்றில் ஒரு பங்கு, இரு பங்கு அளவான இத்தாழ்வை நம்பியே டர்போ வாகனத்தின் கிராங்க் அறை மூச்சுவிடுகின்றது. உள்ளெடுப்பை மாற்றுவோர் ‘தடை’ என எண்ணி அகற்ற விரும்புவதும் பெரும்பாலும் இத்தாழ்வையே. பிரச்சினையின் மையம் இதுவாகும்.

மாற்றங்களின் விளைவுகள்

ஓர் எளிய கணக்கினால் இதனைத் தெளிவாக்கலாம். ஒரு லீற்றர் கொள்ளளவுள்ள இயந்திரமொன்று நிமிடத்துக்கு 5000 சுற்றுகள் சுழல்கின்றதெனவும், டர்போ வெளிவளியைப் போல் இரு மடங்கு அமுக்கத்தை வழங்குகின்றதெனவும் கொள்வோம். நான்கடிப்பு இயந்திரம் இரு சுற்றுக்கு ஒருமுறையே வளியை எடுப்பதால் நிமிடத்துக்கு 2500 லீற்றர் அமுக்கிய வளி, அதாவது 5000 லீற்றர் வெளிவளி தேவை. நிரம்பலிற் பத்திலொரு பங்கு குறையுமெனக் கழித்தால் 4500 லீற்றர், அஃதாவது விநாடிக்கு 75 லீற்றர் எஞ்சும். அதில் ஒரு வீதம் கசிவதாயின் நிமிடத்துக்கு 45 லீற்றர் வாயு வெளியேற வழி வேண்டும்.

உள்ளெடுப்புக் குழாயின் விட்டம் 50 மில்லிமீற்றராயின் வளியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 38 மீற்றராகும். கண்டியின் வளியடர்த்தியில், அவ்வேகத்தால் மட்டும் உண்டாகும் அமுக்கத் தாழ்வு ஏறக்குறைய 800 பஸ்கால். இது எட்டுச் சென்ரிமீற்றர் உயரமான நீர்நிரலுக்குச் சமம். அக்குழாயை நீக்கி 65 மில்லிமீற்றர் குழாயைப் பூட்டினால் வேகம் விநாடிக்கு 23 மீற்றராகக் குறையும். தாழ்வோ 280 பஸ்காலாக, அதாவது மூன்று சென்ரிமீற்றர் நீருக்கும் குறைவாக வீழ்ந்துவிடும். இத்தாழ்வு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாக மாறுவதே காரணம். விட்டத்தைப் பத்தில் மூன்று பங்கு கூட்டியவர் உறிஞ்சலின் மூன்றில் இரு பங்கை இழந்துவிடுகின்றார். இதனோடு கூம்பு வடிகட்டியும் சேரின், எயார் கிளீனரினால் கிடைத்த பங்கும் குறைந்துபோகும்.

பிறீதர் வந்து சேரும் இணைப்புவாயின் அமைப்பும் முக்கியமானது. அசற் குழாயில் அது வளியோட்டத்துக்குச் செங்குத்தாகவோ, ஓட்டத்தின் திசை நோக்கிச் சரிந்தோ இருக்கும். கைவேலையாக ஒட்டப்படும் இணைப்பு ஓட்டத்தை எதிர்கொண்டு நிற்குமாயின், உறிஞ்சலுக்குப் பதிலாக எதிர்த்தள்ளலே உண்டாகும். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு குழாய்களில் ஒன்று கிராங்க் அறையை வெறுமையாக்க, மற்றொன்று அதனை அடைத்துவிடக்கூடும்.

இன்னுஞ் சிலர் இணைப்பையே துண்டித்து, பிறீதரின் நுனியில் ஒரு சிறிய வடிகட்டியைச் செருகி வெளிவளியில் விட்டுவிடுகின்றனர். இதனால் உள்ளெடுப்புக் குழாய் எண்ணெய் படியாது தூய்மையாக இருக்கும் என்பது உண்மையே. ஆனால் அதற்கான விலை மூன்று வகையிற் கொடுக்கப்படுகின்றது. ஏற்றத்தில் உறிஞ்சல் இன்றி வாயு தன் அமுக்கத்தினாலேயே வெளியேற வேண்டியதாகின்றது. வளித்திணிவு அளவியுள்ள வாகனங்களில், சுமையற்ற வேளையில் அளவிக்குத் தெரியாத வளி அச்சிறு வடிகட்டி வழியே புகுந்து எரிபொருட் கலவையைக் குழப்புகின்றது. மேலாக, 1961 இல் வீதியிலிருந்து அகற்ற முயன்ற அதே வாயு மறுபடியும் வீதிக்கே திரும்பி வருகின்றது.

கிராங்க் அறையின் அமுக்கம் உயர்ந்தால் முதலிற் பாதிக்கப்படுவது டர்போவே. நிமிடத்துக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் சுழலும் அதன் தண்டுக்கு எண்ணெய் அமுக்கத்துடன் செலுத்தப்படுகின்றது. திரும்பி வருகையில் அவ்வெண்ணெய் தன் பாரத்தினாலேயே வழிந்து கிராங்க் அறையை அடைய வேண்டும். அங்கு அமுக்கம் கூடியிருந்தால் எண்ணெய் இறங்காது தேங்கி, தண்டின் சீல்களைத் தாண்டிப் புகைக்குழாயிலும் உள்ளெடுப்பிலும் ஒழுகும். நீலப் புகை எழும். ‘டர்போ போய்விட்டது’ என்றோ, ‘ரிங் தேய்ந்துவிட்டது’ என்றோ முடிவு கூறப்படும். புதிய டர்போ பூட்டியும் புகை நிற்காதபோது இயந்திரத்தைப் பிரிக்கும் வேலை தொடங்கும். சில நூறு ரூபா பெறுமதியான ஒரு குழாய்த்துண்டில் இருந்த குற்றத்துக்குச் சில இலட்சம் ரூபா செலவாவது இவ்வழியிலேதான்.

மறுபுறத்தில், உறிஞ்சல் மிகுவதும் தீங்கே. தூசி அடைந்த எயார் கிளீனரை மாற்றாது ஓட்டினால் உறிஞ்சல் அளவுமீறி, வாயுவோடு எண்ணெய்த் துளிகளையும் பெருமளவில் இழுத்துச் செல்லும். அவ்வெண்ணெய் இன்டர்கூலரிற் படிந்து அதன் குளிர்விக்கும் திறனைக் குறைக்கும். சிலிண்டரை அடையும் எண்ணெய் எரிபொருளின் ஒக்டேன் தரத்தைத் தாழ்த்தி, கலவை காலத்துக்கு முன் தானாகப் பற்றும் இடிப்புக்கு வழிவகுக்கும். இடிப்பை உணர்ந்த கட்டுப்பாட்டுக் கணினி தீப்பொறியைப் பிற்படுத்தும். அதனால் வலுக் குறையும். பெற்றோலை நேரே சிலிண்டருட் பீச்சும் இயந்திரங்களில் உள்ளெடுப்பு வால்வுகளைக் கழுவ எரிபொருள் வருவதில்லை. ஆதலால் எண்ணெய் அவற்றின்மீது காபனாக இறுகிவிடும். ஆக, நாம் வேண்டுவது கூடிய உறிஞ்சலுமன்று, குறைந்த உறிஞ்சலுமன்று. வடிவமைத்தோர் கருதிய அளவான உறிஞ்சலே வேண்டற்பாலது.

மலையும் பள்ளத்தாக்கும்

இவ்விளைவுகள் எந்த ஊருக்கும் பொதுவானவை. எனினும் கண்டியின் நிலவமைப்பு அவற்றை மிகைப்படுத்துகின்றது. சமவெளியில் ஓடும் காரொன்று டர்போவின் முழு அமுக்கத்தைப் பெறுவது முந்திச்செல்லும் சில விநாடிகளில் மட்டுமே. மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும்போதோ, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போதோ அது பல நிமிடங்கள் தொடர்ந்து அமுக்கத்தில் இயங்குகின்றது. சமவெளியிற் கணநேரக் குறையாக மறைந்துவிடும் காற்றோட்டக் குறைபாடு, ஏற்றத்திலே நிலையான நோயாகிவிடும்.

இறக்கத்தில் நிலை தலைகீழாகும். கியரிற் பிடித்து இறங்கும்போது துரொட்டில் மூடியிருப்பதால் கிளைக்குழாயில் வெற்றிடம் உச்சத்தை அடையும். பி.சி.வி. வால்வு முழுவதும் இக்காலத்திலேயே உழைக்கின்றது. ஒரே பயணத்தில் இவ்வால்வு ஏற்றத்தில் உயர் அமுக்கத்தையும் இறக்கத்தில் ஆழ்ந்த வெற்றிடத்தையும் மாறிமாறித் தாங்க வேண்டும். டர்போவின் அமுக்கத்தைக் கணினி மாற்றத்தால் உயர்த்தியவர்களின் வாகனங்களில் இச்சிறு வால்வு முதலிற் பழுதடைவதில் வியப்பில்லை.

உயரத்தின் பங்கும் சிறிதன்று. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு வளியமுக்கம் 95 கிலோபஸ்கால் அளவினது. 1868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் அது 81 கிலோபஸ்கால் அளவுக்குத் தாழ்ந்துவிடும். வளி ஐதாகும்போது அதே திணிவைப் பெறக் கூடுதலான கனவளவு குழாயினூடாக ஓட வேண்டும். டர்போவும் விரைந்து சுழல வேண்டும். அடைந்த எயார் கிளீனரின் தீமை ஆங்கு மேலும் பெருகும். மலைநாட்டுக் குளிரில் எண்ணெயும் நீரும் கலந்து வெண்மையான கூழாக மாறிப் பிறீதர்க் குழாய்களை அடைப்பதும் உண்டு.

நகரினுள்ளோ வேறொரு நிலை. கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் பேராதனையிலிருந்தும் கண்டிக்குள் நுழையும் வாகனங்கள் பாடசாலை நேரத்தில் ஊர்ந்து செல்கின்றன. குறுந்தூரம் ஓடி நிறுத்தப்படும் இயந்திரத்தில் எண்ணெய் போதிய வெப்பத்தை அடைவதில்லை. நீராவி வெளியேறாது எண்ணெயிலேயே தங்குகின்றது. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற அந்நகரில் புகையும் எளிதில் அகல்வதில்லை. 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட நகரின் நடுவே, வாவியைச் சூழ்ந்த வீதிகளில் நடந்து செல்லும் மாணவரும் நடைபாதை வியாபாரிகளும் போக்குவரத்துப் பொலிசாருமே அவ்வளியை முதலிற் சுவாசிப்போர்.

டீசல் வாகனங்கள்

பெற்றோல் கார்களைப் பற்றியே இதுவரை கூறப்பட்டது. ஆனால் மலைநாட்டு மக்களின் அன்றாடப் போக்குவரத்தைத் தாங்குவன டீசல் வான்களும் பஸ்களும் லொறிகளுமே. துரொட்டில் வால்வற்ற டீசல் இயந்திரத்தின் கிளைக்குழாயில் வெற்றிடம் இல்லை. எனவே மூடிய காற்றோட்ட அமைப்பு உள்ளவிடத்து, கசிவு வாயு எந்நேரமும் டர்போவின் வாயிலிலுள்ள உறிஞ்சலையே நம்பியிருக்கும். அவ்வுறிஞ்சல் மிகாதவாறு மென்றகடு கொண்ட ஒரு வால்வு ஒழுங்குபடுத்தும். உள்ளெடுப்பை மாற்றுவோர் இவ்வால்வைக் குப்பையென நீக்கிவிடுவதுண்டு.

இதன் உச்ச விளைவு ஆபத்தானது. பிறீதர் வழியாகவோ டர்போ சீல் வழியாகவோ பெருமளவு எண்ணெய் உள்ளெடுப்பில் நுழையின், டீசல் இயந்திரம் அவ்வெண்ணெயையே எரிபொருளாகக் கொண்டு கட்டற்று விரையும். சாவியை மூடியும் அது நிற்காது. வளியை அடைத்தாலன்றி, அல்லது கியரிற் போட்டுப் பிறேக்கை இறுக்கித் திணறச் செய்தாலன்றி அதை நிறுத்த வழியில்லை. செங்குத்தான வீதியிலே இது நிகழின் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

டர்போவையும் இன்டர்கூலரையும் எண்ணெய் பழுதாக்கும் என்ற காரணத்தினால், ஐக்கிய அமெரிக்காவிலேயே டர்போ பூட்டிய பார டீசல் இயந்திரங்களுக்குக் கிராங்க் அறையைத் திறந்துவிட நெடுங்காலம் சலுகை வழங்கப்பட்டிருந்தது. 2007 ஆம் ஆண்டு மாதிரிகளுடன் அச்சலுகை நீங்கிற்று. வாயுவை வெளியே விடின், அதனையும் வால்குழாய்ப் புகையோடு கூட்டிக் கணக்கிட வேண்டும் என்ற நெறி வந்தது. அடிக்குழாயிலிருந்து சொட்டும் எண்ணெயும் புகையே என ஏற்றுக்கொள்ள நாற்பதாண்டுகளுக்கு மேற் சென்றன எனலாம்.

அளக்கப்படாத புகை

இலங்கையில் 2008 இல் வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க அதன் சான்றிதழ் வேண்டும். பெற்றோல் வாகனங்களில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும், டீசல் வாகனங்களில் புகையின் கருமையும் அளக்கப்படுகின்றன. இது பயனுள்ள ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயின், அளக்கும் கருவி செருகப்படுவது வால்குழாயிலே. பிறீதரை வெளியே திறந்துவிட்ட வாகனத்தின் கசிவு வாயு வால்குழாயை அடைவதேயில்லை. ஏற்றத்தில் நீலப் புகை கக்கும் வாகனம், நின்ற நிலையிற் செய்யப்படும் சோதனையில் தேறிவிடவும் கூடும். கருவி காணாததை இல்லையெனக் கொள்வது அளவையியற் பிழை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் வகைப்படுத்திய பின்னர், இப்பிழையை அற்பமெனத் தள்ள இயலாது.

இங்கு ஒரு சமூக வினா எழுகின்றது. 1930களிலிருந்தே நுவரெலியாவில் நடைபெற்றுவரும் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போன்றவற்றில் ஓடும் வாகனத்துக்குத் திறந்த வடிகட்டியும் எண்ணெய் சேர்க்கும் கலமும் பொருந்தும். அது சில நிமிடங்கள் ஓடி, அடிக்கடி பிரித்துப் பார்க்கப்படுவது. பாடசாலை வானோ, மரக்கறி லொறியோ அத்தகையதன்று. போட்டி வாகனத்தின் உத்தியைப் பிழைப்பு வாகனத்துக்குக் கொண்டுவரும்போது, அதன் ஆதாயம் விற்பவரைச் சேர, செலவு ஓட்டுநரையும், எண்ணெய்ப் புகைக்குள் கைவைத்து உழைக்கும் கராஜ் தொழிலாளியையும், வீதியில் நடப்போரையும் சேர்கின்றது.

செய்யத்தக்கவை

நோயை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒளி ஊடுருவும் குழாயொன்றை ‘ப’ வடிவில் வளைத்து, பாதியளவு நிறமூட்டிய நீரை நிரப்பி, ஒரு நுனியை எண்ணெய் அளவுகோல் செருகும் துவாரத்தில் வளி கசியாது பொருத்தினால் அமுக்கமானி ஒன்று கிடைத்துவிடும். பத்துச் சென்ரிமீற்றர் நீர் ஏறக்குறைய ஒரு கிலோபஸ்காலைக் குறிக்கும். சுமையற்ற நிலையில் நீர் இயந்திரத்தின் பக்கமாகச் சற்று உயர வேண்டும். உள்ளே உறிஞ்சல் உள்ளது என்பதற்கு அது சான்று. சுமையின்போது நீர் எதிர்ப்புறம் தள்ளப்படுமாயின் காற்றோட்டம் போதவில்லை என்பது தெளிவு. அதன்பின் பிறீதரை நேராக வெளியே விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அமுக்கம் உடனே வீழ்ந்தால் குற்றம் குழாய் வழியில் உள்ளது. வீழாவிடின் மட்டுமே வளையங்களைச் சந்தேகிக்க வேண்டும். இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன் செய்யவேண்டிய சோதனை இதுவே.

மாற்றம் செய்தே ஆகவேண்டிய நிலையில் சில விதிகளைப் பேணலாம். குழாயின் விட்டத்தையும் பிறீதர் இணைப்பின் இடத்தையும் சரிவையும் அசலைப் போலவே வைத்தல் வேண்டும். எண்ணெய் சேர்க்கும் கலம் பூட்டுவதாயின், பிறீதரினும் ஒடுங்கிய குழாயைப் பயன்படுத்தலாகாது. கலத்தின் வெளிவாயை வெளிவளியில் விடாது மீண்டும் டர்போவின் வாயிலோடு இணைக்க வேண்டும். சேரும் நீரையும் எண்ணெயையும் தவறாது வடித்து, வடிகாலிற் கொட்டாது ஒப்படைக்க வேண்டும். பி.சி.வி. வால்வை எயார் கிளீனரைப் போலவே காலமுறையில் மாற்றவேண்டிய பொருளாகக் கருத வேண்டும். புகைப் பரிசோதனையின்போது பிறீதர் உரிய இடத்தில் இணைந்துள்ளதா எனக் கண்ணாற் பார்ப்பதற்கு ஒரு நிமிடமும் செல்லாது.

பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது 1964 இல். அப்பீடத்தின் வாயிலைக் கடந்து நாள்தோறும் செல்லும் வாகனங்களைத் திருத்துவோர் பலர், கடையில் பயிலுநராகச் சேர்ந்து கைப்பழக்கத்தாலேயே தொழில் கற்றவர்கள். ‘பிறீதர்’, ‘கேஸ்கட்’, ‘ஒயில் சீல்’ என அவர்களது நாவில் வாழும் சொற்களைக் கொண்டே, அமுக்கமும் உறிஞ்சலும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுத்தல் கடினமன்று. நீர் நிரப்பிய ஒரு குழாயும் இரு பக்க விளக்கமும் ஒரு கராஜை அடைந்தால், தேவையற்றுப் பிரிக்கப்படும் இயந்திரங்களின் தொகை குறையும். கண்டி வாவியைச் சுற்றி நடப்போர் சுவாசிக்கும் எண்ணெய்ப் புகையும் அந்த அளவுக்குக் குறையும்.